இரவல் குரல்

லண்டனில் சட்டம் படித்த நாட்களில் காந்தி அங்கிருந்த சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். கூட்டத்துக்குத் தவறாமல் போவார், வாய் திறக்க மாட்டார். கருத்தடையை ஆதரித்த டாக்டர் அல்லின்சனைச் சங்கத்திலிருந்து நீக்கவேண்டும் என்று ஒருமுறை தீர்மானம் வந்தது. அல்லின்சன் சொன்னது காந்திக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் சைவ உணவைப் பரப்ப வந்த சங்கம் அதற்காக ஒருவரை வெளியேற்றுவது முறையல்ல என்று அவருக்குப் பட்டது. எழுதி எடுத்துப்போனார். படிக்க நா எழவில்லை. வேறொருவர் படித்தார். அல்லின்சன் நீக்கப்பட்டார்.

இதைக் காந்தியின் கூச்சத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இது அவருடைய துணிச்சலாகத்தான் தெரிகிறது. சங்கத் தலைவரின் விருப்பத்துக்கு எதிராகத் தன் கருத்தைச் சபையில் வைத்துவிட்டாரே! குரல் மட்டும்தான் இரவல். பேச வராதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

கூச்சம் அத்தோடு போய்விடவில்லை. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டு, வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தென்னாப்பிரிக்கா போனவர், 1893-ல் அங்கே பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டிப் பேசினார். அவருடைய முதல் பொதுப்பேச்சு என்று அவரே குறிப்பிடுவது இதைத்தான். வியாபாரத்தில் உண்மை செல்லாது என்று நம்பியவர்களிடம், செல்லும் என்றார். என்ன பேசுவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். தன் திறமையைக் காட்டவேண்டிய கட்டாயமும் அங்கே இல்லை. அந்த நாட்டில் இந்தியர்கள் பட்ட கஷ்டம் அவர் மனதை நிறைத்திருந்தது. வார்த்தை வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பேச்சைவிட, அதற்குப் பிறகு அவர் செய்தது பெரிது. ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குச் சொல்லித்தருவதாக அறிவித்தார். தங்கள் இடத்துக்கே வந்தால் படிக்கிறோம் என்றார்கள் மூவர்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர். தேடிப் போனால் சில நாள் அவர்கள் வேலையில் மூழ்கியிருப்பார்கள். அவர் சலித்துக்கொள்ளவில்லை. கூட்டங்களும் தொடர்ந்து நடந்தன. சீக்கிரமே, அந்த நகரில் அவருக்குத் தெரியாத இந்தியரே இல்லை என்றானது. பிறகு ரயில் பயணத்தில் அவர்கள் பட்ட சிரமம் பற்றி ரயில்வே அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஒழுங்காக உடுத்திய இந்தியர்களுக்கு முதல், இரண்டாம் வகுப்புச் சீட்டு தரப்படும் என்று பதில் வந்தது.