தேருக்கு வலிக்குமா?

கட உபநிடதம் உடம்பைத் தேர் என்கிறது. அதில் அமர்ந்து செல்பவன் ஆன்மா, தேரோட்டி புத்தி, கடிவாளம் மனம், குதிரைகள் புலன்கள். ஆளுகிறவன் வேறு, ஆளப்படும் உடம்பு வேறு என்ற எண்ணத்தை இவ்வளவு தெளிவாக நிறுத்திய உருவகம் அரிது. ஆனால் அந்தத் தேருக்கு வலிப்பதில்லை. வலிக்கு எங்கே இடம் என்ற கேள்வி பின்னாளில் ஐரோப்பாவில் வேறொரு வடிவில் எழுந்தது. மனத்தையும் உடலையும் பிரித்தவர் என்றே அறியப்படும் தெக்கார்த், 1641-இல் வெளிவந்த தமது ‘தியானங்கள்’ நூலின் ஆறாம் பகுதியில், கப்பலில் மாலுமி இருப்பதுபோல் மனம் உடலுக்குள் இருக்கவில்லை என்று எழுதினார். அப்படி இருந்தால் கப்பலில் விழுந்த ஓட்டையை மாலுமி கண்டறிவதைப்போல் மனமும் காயத்தைக் கண்டறிந்திருக்கும்; நொந்திருக்காது.

பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் டிராக் டே இந்த வேறுபாட்டை வெளிச்சமாக்குகிறது. எஞ்சின் சூடேறுவதை ஓட்டுநர் டயலில் பார்க்கிறார். கீழ்முதுகு நோவதைக் காட்ட டயல் இல்லை, நோவது அவரேதான்.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கி.மீ. நீளமும் 12 திருப்பங்களும் கொண்டது. நல்ல டயர் போட்ட காரில் வேகமாகத் திரும்பும்போது, உடலைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க வேண்டிய விசை ஓட்டுநரின் எடையையே நெருங்கிவிடும். சாதாரண காரின் தட்டையான சீட்டால் அதைத் தாங்க முடியாது. அதனால் ஓட்டுநர் முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுக்கிறார், ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி அதிலேயே தொங்குகிறார். சீட் செய்ய வேண்டிய வேலையை இடுப்பின் இருபக்கத் தசைகள் மாறிமாறிச் செய்கின்றன. இடுப்பு முன்னே வழுக்க வழுக்க, கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகள் அமைக்கும் இயல்பான உள்வளைவு தட்டையாகி, பாரம் இடைத்தட்டுகளில் ஏறுகிறது.

பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் இரண்டே: அசையாமை, சுகம். முயற்சியைத் தளர்த்தும்போது அது கைகூடும் என்று அடுத்து விளக்குகிறார். தியானத்துக்காகச் சொன்னதைக் கார் சீட்டுக்குக் கொண்டுவருவது அத்துமீறல் அல்ல. உடம்பு எதன்மேல் நிலைபெறுகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. இறுகப் பிடித்துப் பெறும் அசையாமை சில சுற்றுகளுக்குத்தான். தாங்கப்படும் உடம்புக்கே அது நீடிக்கும்.

ஆகவே பின்பையிலுள்ள பர்ஸை எடுத்துவிட்டு, இடுப்பைச் சீட்டின் உள்மூலைவரை தள்ளி அமர்வதில்தான் எல்லாம் தொடங்குகிறது. பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். எட்டி மிதிக்க நேர்ந்தால் ஒவ்வொரு மிதிப்பிலும் இடுப்பு முன்னே இழுபடும். தோள் சீட்டைவிட்டு விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படுவது சரியான தூரம். முதுகின் வளைவுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால், சீட் உறைக்குள் நகராதபடி பொருத்திய மெல்லிய திண்டு போதும். ஹெல்மெட் அணிந்தபடியே இவற்றைச் சரிபார்க்க வேண்டும். தலை கூரையில் இடித்தால் முதுகு தானாகக் கூன்போடும். கிளட்சில் வேலை இல்லாதபோது இடது காலைக் கால்தாங்கியில் ஊன்றினால் இடுப்பு பின்னோக்கி அழுந்தி நிற்கும்.

அடிக்கடி தடம் ஏறுபவருக்கு உடல் அளவுக்குப் பொருந்திய பக்கெட் சீட் பெரிய விடுதலை. ஆனால் பல பட்டைகள் கொண்ட ஹார்னஸை மட்டும் தனியாக வாங்கி மாட்டுவது ஆபத்து. கார் உருண்டு கூரை நசுங்கினால், நிமிர்த்திக் கட்டப்பட்ட ஓட்டுநரால் சாய்ந்துகொள்ள முடியாது. தொடையிடைப் பட்டை இல்லாவிட்டால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். தகுந்த சீட், உருளல் தடுப்புக் கூண்டு, கழுத்துக் காப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே அது பாதுகாப்பு.

வலியைப் பொறுத்துக்கொள்வதே உறுதி என்ற எண்ணம் இங்கே பலரை ஏமாற்றுகிறது. தடம் ஏறுமுன் வலிமாத்திரை விழுங்குபவர், தன் உடம்பு தன்னோடு பேசும் ஒரே வழியை அடைத்துவிடுகிறார். அது துணிவும் இல்லை, தவமும் இல்லை. உடம்பை ஒருகாலத்தில் தாழ்வாக நினைத்திருந்து, உள்ளே இறைவன் உறைவதை அறிந்தபின் அதைப் பேண முற்பட்டதாகத் திருமூலர் திருமந்திரத்தில் கூறுகிறார். அந்தப் பேணுதல் இங்கே சிறிய செயல்களாகவே அமைகிறது: 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது, தண்ணீர் குடிப்பது, இறங்கியவுடன் குனிந்து டயரைத் தூக்காமல் இருப்பது, வாரக்கணக்கில் முன்பே வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்து வைப்பது.

வலி காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்தாலோ அன்றைய ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அடைபட்டாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.