பறையும் பறைச்சேரியும்

சீடன்: ஐயா, பறை அடித்ததால்தான் பறையர் என்று பெயர் வந்ததா?

குரு: மொழியறிஞர் கால்டுவெல் அப்படித்தான் எழுதினார். ஆனால் பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு; மலையாளத்தில் இன்றும் அந்தப் பொருள்தான் வழக்கு. தமிழ்ப் பௌத்தரான அயோத்திதாசப் பண்டிதர் அதைப் பிடித்துக்கொண்டார். வேஷப் பிராமணர்களின் பொய்யை ஊரறியப் பறைந்த பூர்வ பௌத்தர்களுக்குப் பகைவர் இட்ட பெயர் என்றார்.

சீடன்: எது சரி?

குரு: கருவிக்கும் பெயருக்கும் உறவு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்த மக்களில் பறை கொட்டியவர்கள் சிலர்தான். பெரும்பாலோர் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். சங்க நூலான புறநானூற்றின் 335-ஆம் பாட்டோ துடியன், பாணன், கடம்பனோடு பறையனையும் சேர்த்து, இவர்களைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறது.

சீடன்: அப்படியானால் ஆதியில் இழிவே இல்லை!

குரு: அவசரப்படாதே. அதே நூலின் 287-ஆம் பாட்டில் துடிப்பறை கொட்டுகிறவனைப் புலையன் என்று கூப்பிடுகிறார்கள். இழிசினன் என்ற விளியும் அங்கேயே இருக்கிறது. நமக்குப் பிடித்த பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சீடன்: மாட்டுத்தோலைத் தொட்டதால் தீட்டு என்கிறார்களே?

குரு: பறையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாயா? வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்ததும் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையில் எடுப்பார்கள். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு. அது சபா மேடையில் இருக்கிறது. தோலில் தீட்டு இல்லை, தம்பி.

சீடன்: பின் எங்கே?

குரு: குடியிருப்பில். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீங்கிய நிலங்களை வரிசையாகச் சொல்கின்றன. ஊர்நத்தம், சுடுகாடு என்று போகும் அந்த வரிசையில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிவிட்டார்கள். சொந்த நிலம் இல்லாமல் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் கொடுத்த கூலிக்கு உழைத்துத்தானே ஆக வேண்டும்? தீட்டு அதற்குக் காவல் நின்றது.

சீடன்: அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா, விடுவதா?

குரு: அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த மக்கள்தான், முடிவும் செய்தார்கள். 1893-இல் அவர்களின் தலைவர்களில் ஒருவரான இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஒளிந்துகொண்டு உரிமை கேட்க அவருக்கு மனமில்லை. இன்னொரு தலைவரான எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் என்ற பெயருக்காக வாதாடினார். 1922-இல் சென்னை அரசு அதை ஏற்றது. இருவரையும் நான் வணங்குகிறேன்.

சீடன்: ஆங்கிலப் பத்திரிகையில் 'பரையா நாடு' என்று எழுதுகிறார்களே, ஐயா? படிக்கும்போது உடம்பு கூசுகிறது.

குரு: கூசத்தான் வேண்டும். போர்ச்சுக்கீசியர் நம் கரையில் கேட்டுக்கொண்டுபோன பெயர் அது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைக் குறிக்கவும் அதைக் கையாண்டார். உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் பெயர் என்பதை மேலைநாட்டில் பலர் மறந்துவிட்டார்கள்.

சீடன்: நான் மொழிபெயர்க்க நேர்ந்தால்?

குரு: ஒதுக்கப்பட்ட நாடு என்று எழுது. ஒதுக்கியது யார் என்பதையும் அந்த வாக்கியத்திலேயே சேர்த்து எழுது.