பேஸும் ஐம்பது ஹெர்ட்ஸும்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அந்த மின்சாரம் ஸ்பீக்கரில் எழுப்பும் 'உம்ம்' என்ற இரைச்சலின் இரண்டாம் மடங்கு 100. மெல்லிய கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 98. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இந்த 'உம்ம்' பி ஃபிளாட்டுக்கும் பிக்கும் நடுவே போய் விழுகிறது. இங்கே ஜியின் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது. ஜியில் ஒரு பாட்டை எடுத்தால், நாம் வாசிக்காத பேஸ் ஒன்று சற்றே சுருதி விலகிக் கூடவே வாசித்துக்கொண்டிருக்கும்.

பேஸுக்குப் பிக்அப் மாற்ற வேண்டும் என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். எந்தக் கம்பெனி என்பது பிறகு.

*

ஆடி மாதம். மாரியம்மன் கோயில் திடலில் மேடை. பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட், மேடையின் இரு ஓரத்திலும் டியூப் லைட். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் வாசிக்கப் போனாலும் இதே ஏற்பாடுதான். ஜெனரேட்டர் என்றால் இன்னொரு சங்கதி உண்டு. சுமை கூடும்போதும் குறையும்போதும் அதன் வேகம் சற்று மாறும். 50 என்பது 49 ஆகும், 51 ஆகும். இரைச்சலும் அதோடு சேர்ந்து நகரும்.

பிக்அப்புக்குள் இருப்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அசைந்தால் காந்தப்புலம் அசையும். காயிலில் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்துக் காட்டிய விதிதான். அசைவது தந்தியா, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் புலமா என்று அந்தக் காயிலுக்குத் தெரியாது. தன்னைத் தொடும் எல்லாவற்றையும் அது கேட்கும். அந்தப் பாகுபாடற்ற கேட்டலை நெடுநேரம் யோசித்திருக்கிறேன். அதன்மேல் குறை சொல்ல எதுவுமில்லை. நாம்தான் அதற்கு ஒரு துணையைக் கட்டித் தரவேண்டும்.

*

அந்தத் துணைதான் இரண்டாவது காயில். ஒன்றை இந்தப் பக்கமாகவும் மற்றதை எதிர்ப் பக்கமாகவும் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடி நிற்கும். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது ஒற்றைக் காயில்தான். 1957இல் அதை இரண்டாகப் பிளந்தார்கள்: பாதி இரண்டு தந்திக்கு, பாதி மற்ற இரண்டு தந்திக்கு. ஒவ்வொரு தந்தியையும் ஒரே காயில்தான் கேட்கிறது. அதனால் ஒலியின் கூர்மை குறையவில்லை. இரைச்சல் மட்டும் போயிற்று. இவ்வளவு எளிய தீர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைக் காயில்கள். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் அமைதி. ஒன்றைக் குறைத்தால் 'உம்ம்' திரும்பி வரும். பாலத்தருகே (பிரிட்ஜ்) உள்ள பிக்அப்பை மட்டும் வைத்து வாசிக்கும் பழக்கம் இருந்தால், திருவிழா மேடையில் இது தொல்லை. அதே ஓட்டுக்குள் காயிலின் கீழே இன்னொரு காயில் அடுக்கிய வகைகள் கிடைக்கின்றன. மேல் சத்தத்தில் ஒரு சிறு இழை மெலியலாம். மலை மேடைக்கு அந்த இழப்பு எனக்குச் சம்மதம்.

பிக்அப் உட்காரும் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். கீச்சென்ற கரகரப்பை அது தடுக்கும். காந்தப்புலமாக வரும் 'உம்ம்' செப்புத் தாளைத் தாண்டி வந்துவிடும்.

*

கேட்பவரின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். பேஸின் மிகத் தாழ்ந்த ஈ 41 ஹெர்ட்ஸ். வேப்பமரத்தில் கட்டிய கூம்புக் குழாய் அந்த ஆழத்தைத் தொடவே தொடாது. மைக் செட்காரர் கொண்டுவரும் பெட்டி ஸ்பீக்கரும் பலநேரம் அங்கே சோர்ந்துவிடும். ஆனாலும் ஜனங்கள் ஈயைக் கேட்கிறார்கள். 82, 123 என்று அதன் மடங்குகள் வந்து சேர்ந்தால், இல்லாத அடிச் சுரத்தைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

ஆகவே 'அடி ஆழம்' என்று விளம்பரம் செய்யும் பிக்அப் நம் திடலுக்கு உதவாது. நடுப்பகுதி தெளிவாகப் பேச வேண்டும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் தாளத்துக்குத் துணை போவதில்லை. பாடுபவரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு பாடுகிறது. கடைசி வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் அந்த மெட்டு போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

*

பிக்அப்பின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. சுற்று கூடினால் எண் கூடும், சத்தமும் கூடும்; கூடவே மேல் சத்தம் மங்கும். பத்து, பதினொரு கிலோ ஓம் அளவில் நிற்கும் பிளவுக் காயில் பிரிசிஷன் பிக்அப் எனக்குப் போதும். ஈஎம்ஜி போன்ற பேட்டரி வகைகள் மிக அமைதி. நீளமான கேபிளிலும் ஒலி தேயாது. ஆனால் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துவிட்டு 25 போட வேண்டும், 9 வோல்ட் பேட்டரி ஒன்று எப்போதும் பையில் உபரியாக இருக்க வேண்டும். நள்ளிரவில் வெள்ளிமலையில் கடை தேட முடியாது.

*

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில், சத்தம் வராத பழைய பிக்அப் ஒன்றைக் காட்டினேன். "அண்ணே, இது கிடார்ல இருக்கறது."

"எதுல இருந்தா என்ன தம்பி, காயில் காயில்தான். மீட்டர் அசையல, எங்கியோ அறுந்திருக்கு. நுனியப் பாரு மொதல்ல."

நுனியில்தான் அறுந்திருந்தது. முடியளவு மெல்லிய கம்பி. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, மூச்சை அடக்கிப் பற்றவைத்தார். புதிதாக வாங்கும் எண்ணம் அன்றோடு தள்ளிப்போனது.

*

மாற்றுவது என்று முடிவானால் குழியை மில்லிமீட்டரில் அளந்த பிறகே பணம் கட்டுங்கள். ஜாஸ் பேஸில் பாலத்தருகே உள்ள பிக்அப் மற்றதைவிடச் சற்று நீளம். ஐந்து தந்திக் கருவிகளில் அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. குழியைப் பெருக்க நேர்ந்தால் நம் ஊரில் கைக்குப் பஞ்சமில்லை, புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பம் கள்ளக்குறிச்சியுடையது. ஆனால் செதுக்கிய மரம் திரும்ப வளராது.

அதற்கும் முன்னால் புதுத் தந்தி போட்டுப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, பிக்அப்புக்கும் தந்திக்கும் இடையே தடித்த பக்கம் ஏறக்குறைய 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2.5 மி.மீ. இருக்கும்படி திருகைத் திருப்புங்கள். பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் மாற்றுங்கள். கழற்றியதை எறிய வேண்டாம். எந்த நிற ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.