பந்தும் ஓர் அமானிதம்



வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலர் ஊருக்குப் பணம் அனுப்பும்போது, "ஹஜ்ரத், இது நம்ம பசங்க ஃபுட்பால் டீமுக்கு. இதுக்கும் நன்மை உண்டா?" என்று கேட்கிறார்கள். மதரஸாவுக்கோ ஓர் ஏழைக் குமரின் திருமணத்துக்கோ கொடுப்பவர் இப்படிக் கேட்பதில்லை. விளையாட்டு என்றதும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது.

பெருநாள் அன்று அபிசீனியர்கள் நபியவர்களின் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் பார்க்க விட்டார்கள். தொழுகை தவறாமல், சூது கலக்காமல், அவ்ரத்தை மறைத்து ஆடினால் கூடாது என்று சொல்ல நமக்கு வழியில்லை. ஆனால் ஆகுமானது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. உங்கள் பணம் அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது?

செனகலைப் பாருங்கள். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாக வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடு. அதன் தலைநகர் டக்காரில் 1976-ல் பிறந்த பேட்ரிக் வியேரா, எட்டு வயதில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனார். 1998-ல் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியில் இருந்தார். பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை. 2003-ல் நண்பர்களோடு சேர்ந்து 'டியாம்பார்ஸ்' என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அது செனகலில் சாலி என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பந்தும் ஆடுகிறார்கள், பாடமும் படிக்கிறார்கள். பந்தைக் காட்டிப் பிள்ளையைப் படிப்புக்குள் இழுப்பதுதான் அங்கே நோக்கம். 2022 பிப்ரவரியில் செனகல் முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றதே, அந்த அணியின் இத்ரிஸ்ஸா கெயே அங்கே வளர்ந்தவர்தான்.

ஆனால் நான் நினைப்பது கெயேயை அல்ல. அவரைப் போல ஆக முடியாமல் போன பிள்ளைகளை. அவர்கள்தான் எப்போதும் அதிகம். பதினாறு வயதில் முழங்கால் போய்விட்டால், படித்த பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. படிப்பை விட்டவனுக்கு? மேற்கு ஆப்பிரிக்காவில் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு சிலர் வருகிறார்கள். ஐரோப்பிய கிளப்பில் சேர்த்துவிடுகிறோம் என்று பெற்றோரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளையை ஏதோ ஒரு நகரத்தில் தனியே விட்டுவிடுகிறார்கள். விசா ஏஜென்டிடம் ஏமாந்த குடும்பம் நம் தெருக்களிலும் உண்டு. அந்த வேதனையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"நான் பந்துதானே வாங்கிக் கொடுத்தேன், படிப்பை விடச் சொன்னேனா?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவில்லைதான். ஆனால் நீங்கள் அனுப்பிய ஆளுயரக் கோப்பையும் ரொக்கப் பரிசும் அவனிடம் பேசிவிட்டன. பரீட்சையில் தேறியவனுக்கு ஊரில் யாரும் மேடை போடவில்லை என்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். பிள்ளையின் மனதில் ஓர் ஆசையை வைத்தவருக்கு அந்த ஆசை அமானிதம். அதைப் பற்றியும் நாளை நம்மிடம் கேட்கப்படும்.

ஆகவே அனுப்புவதை நிறுத்தாதீர்கள். அனுப்பும் முன் பயிற்சி கொடுப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். டீமில் எத்தனை பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள், மஃரிப் பாங்கு சொன்னதும் ஆட்டம் நிற்கிறதா என்று கேளுங்கள். படிப்பை விட்டவன் ஒருவன் இருந்தால், இந்த வருடம் கோப்பையைச் சின்னதாக வாங்கச் சொல்லுங்கள். மிச்சப் பணத்தில் அவனுடைய ஃபீஸைக் கட்டச் சொல்லுங்கள்.