நாடு பிரிந்தபின் பிரசை யார்?

ஒரு நாடு இரண்டாகப் பிரிகின்றபோது நிலமும் கருவூலமும் படையும் பங்கிடப்படுகின்றன. அங்கு வாழும் மக்கள் எந்நாட்டுக்குரியர் என்னும் வினாவோ எளிதில் தீர்வதன்று. தன் எல்லைக்குள் வாழும் ஒருவரை ‘நீ மற்றைய நாட்டுக்குரியவன்’ என விலக்கப் புதிய அரசுக்கு அறநெறிப்படி உரிமை உண்டா? வங்காளதேசத்து உருதுமொழி மக்களின் வரலாறு இவ்வினாவை ஆராயத் தக்கதொரு சான்றாகும்.

1947 ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது பீகார் முதலிய பகுதிகளிலிருந்து பெருந்தொகையான முஸ்லிம்கள் கிழக்குப் பாகிஸ்தானிற் குடியேறினர். ‘பிஹாரிகள்’ எனப் பொதுப்பெயர் பெற்ற இவர்கள் வாழ்ந்த நிலம் 1971 இல் வங்காளதேசமாயிற்று. விடுதலைப் போரில் இவர்களுட் பலர் பாகிஸ்தானை ஆதரித்தனர். சிலர் அதன் படையுடன் கூடிக் கொடுமைகளும் இழைத்தனர். போர் முடிந்ததும் பழிவாங்கலுக்கு அஞ்சிய மக்கள் முகாம்களை அடைந்தனர். அவற்றுட் பெரியது டாக்கா நகரின் ஜெனீவா முகாமாகும். பாகிஸ்தான் செல்ல விரும்புவோரின் பெயர்கள் பதியப்பட்டபோது மிகப் பலர் தம் பெயரைக் கொடுத்தனர். பாகிஸ்தானோ ஏறத்தாழ 170,000 பேரையே ஏற்றது. எஞ்சியோர் எந்நாட்டின் பிரசைகளும் அல்லாதவராய் நின்றனர்.

பகைவரை ஆதரித்து, அவர்தம் நாட்டையே தெரிவுசெய்தோர்க்குப் பிரசாவுரிமை எதற்கு எனக் கேட்கலாம். போரில் எண்ணிறந்தோரை இழந்த ஒரு மக்களின் நெஞ்சிலிருந்து எழும் இவ்வினாவை இலேசாகத் தள்ளிவிடல் தகாது. ஆயினும் குற்றம் இழைத்தவரை விசாரித்துத் தண்டித்தல் வேறு. அவர் பேசிய மொழியைப் பேசுவோர் அனைவரையும் உரிமையற்றோராக்கல் வேறு. முன்னையது நீதி, பின்னையது பழி.

2003 இல் முகாம்வாசிகள் பத்துப்பேர் தொடுத்த வழக்கில், முகாமில் வாழ்வதனால் ஒருவர் பிரசாவுரிமையை இழப்பதில்லை என்று வங்காளதேச மேல்நீதிமன்றம் கொண்டது. 1971 இற் பராயமடையாதிருந்தோரும் அதன்பின் பிறந்தோரும் பிரசைகளே என 2008 மே மாதத்தில் அது தீர்ப்பளித்தது. அவர்களை வாக்காளர் இடாப்பிற் சேர்க்குமாறும் பணித்தது.

பெற்றோரின் தெரிவு பிள்ளைகளைக் கட்டாது என்பதை இதனால் உணரலாம். ஆனால் அன்று வளர்ந்தோராயிருந்தவர் நிலை யாது? அச்சத்தின் நடுவே, முகாமிலிருந்து கொடுத்த பெயரை முழுமையான தெரிவு எனக் கொள்ளலாமா? அவ்வாறே கொள்ளினும், ஏற்பதற்கு மற்றைய நாடு முன்வராதவிடத்து அத்தெரிவு நிறைவேறாத விருப்பமேயாகும். விருப்பம் ஒன்றைத் தெரிவித்தமைக்காக ஒருவர் ஏற்கெனவே வாழும் மண்ணின் உரிமையை இழத்தல் அறமன்று.

நாடு பிரிந்தபின் ஒருவர் வழமையாக வாழும் இடத்தின் அரசே அவரைத் தன் பிரசையாகக் கொள்ளவேண்டும் என்னும் அனுமானத்தை ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 1999 இல் முன்வைத்தது. அறநெறியும் அதனையே வேண்டுகின்றது. விலகிச் செல்ல விரும்புவோர்க்கு வழி திறந்திருக்கட்டும். மறுகரையில் ஓர் அரசு அவரை ஏற்கும்வரை, வாழும் மண்ணில் அவர் பிரசையாகவே இருத்தல் வேண்டும். பிரசாவுரிமை விசுவாசத்துக்கு அளிக்கப்படும் பரிசு அன்று. விசுவாசம் வளர்வதற்கு வேண்டிய நிலம் அதுவே.