பெயின்ட்டைப் பார்க்காதீர்கள்

திருவண்ணாமலைப் பக்கம் ஏதோ ஒரு கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு விலைக்கு நிற்கிறது என்று காதில் விழுந்தால், ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளுக்குத் தூக்கம் வராது. 1961 முதல் சென்னையில் தயாரான கார். மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுதாக முன்பக்கம் சாயும். முன்டயர் மேலேயே உட்கார்ந்து 948 சிசி எஞ்சினைக் குடையலாம். தொழில் பழக இதைவிட வசதியான வண்டி ஏது!

மயக்குவது பெயின்ட்தான். கதவின் அடிப்பக்கம் சின்னக் காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லையா, உள்ளே இருப்பது தகரமல்ல, பட்டி. பிறகு வேட்டியை மடித்துக்கட்டி வண்டிக்கு அடியில் படுங்கள். ஹெரால்டுக்குத் தனிச் சேஸ். அது துருவில் உதிர்ந்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் வேண்டாம். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் நம்பர் வண்டியிலும் இருக்கிறதா? பெயர் காலமான தாத்தாவுடையது என்றால், வாரிசுக் காகிதம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2021 விதிப்படி, 50 வயது தாண்டி அசல் வடிவில் இருக்கும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அந்த நம்பரோடு தினசரி ஓட்ட முடியாது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் சம்பந்தியை ரயிலடியிலிருந்து ஹெரால்டில் அழைத்துவரும் ஆசை இருந்தால், பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.