தண்டவாளம் போன பாதை

திச்சினோ மாநிலத்தில் மாஜ்யா ஆற்றோரமாகச் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? பின்யாஸ்கோ வரை செல்லும் அந்தப் பாதை பல இடங்களில் பழைய ரயில் பாதையின் மேலேயே போகிறது. 1907இல் லொக்கார்னோவிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார ரயிலை 1965இல் நிறுத்திவிட்டார்கள், பஸ் வந்தது. ரயில் வருமுன்பே, 19ஆம் நூற்றாண்டில், அப்பள்ளத்தாக்கின் இளைஞர் பலர் வறுமையால் ஆஸ்திரேலியாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் கப்பலேறிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாத கதையா?

சென்ற கோடையில் மகளோடு போனேன். ரயிலுக்காக அமைத்த பாதையல்லவா, ஏற்றம் மெதுவானது. என் முழங்காலும் தப்பியது.

"என்ன வடிவு, அப்பா!" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. 1990இல் யாழ்தேவி நின்றபின் காங்கேசன்துறைப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அந்த வெறும் மேட்டில் நாங்களும் சைக்கிள் ஓடினோம், மண்ணெண்ணெய் தேடி. அன்று ஒருவர் வந்து அதை வடிவென்று சொல்லியிருந்தால் கோபித்திருப்பேன். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை.

பிறர் இழந்த இடத்தில் நாம் மகிழலாமா? அவ்வூரார் பாதையைத் திருத்தி, வாருங்கள் என்று அழைக்கிறார்கள். மனமுவந்து தருவதை ஏற்பதில் பிழையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கப்பலேறியவர்கள் சார்பில் அழைப்பது யார்?

மர நிழலில் பாணைப் பிய்த்தபடி இரண்டு கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, திரும்பும்போது மெதுவாகத்தான் ஓடினாள்.